முதல் அரூப ஓவியர் காண்டின்ஸ்கியா, ஹில்மா ஆஃப் கிளிண்ட்டா?

வாசகர் கேள்வி, 4 அக்டோபர் 2025

அரூப ஓவியத்தை, அதாவது காணும் பொருள்களை வரையாமல் வடிவமும் நிறமும் மட்டும் கொண்டு வரைவதை, தொடங்கி வைத்தவர் ருஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி என்றுதான் நாங்கள் படித்தோம். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே ஸ்வீடனைச் சேர்ந்த ஹில்மா ஆஃப் கிளிண்ட் என்ற பெண் அதைச் செய்துவிட்டார் என்றும், ஆண்கள் அவரைத் திட்டமிட்டு மறைத்துவிட்டார்கள் என்றும், அவர் தம் படங்களை உயிரோடு இருந்தவரை யாருக்கும் காட்டவே இல்லை என்றும் இப்போது பலர் எழுதுகிறார்கள். இவற்றில் எது உண்மை?

5 அக்டோபர் 2025

ஒரு கேள்விக்குள் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. ஆண்டுக் கணக்கு சரி. ஆண்கள் மறைத்தார்கள் என்பது பாதிக்கும் குறைவாகவே சரி. யாருக்கும் காட்டவில்லை என்பது தவறு. மூன்றையும் ஒரே பதிவில் எழுத இயலாது என்பதால் நேரம் கிடைக்கும்போதெல்லாம் தொடர்கிறேன்.

ஆண்டுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். தாம் 1911இல் வரைந்த படமே உலகின் முதல் அரூப ஓவியம் என்று காண்டின்ஸ்கி 1935இல் நியூயார்க்கில் இருந்த கலை வணிகர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அதற்கும் முன்னதாக, 1910 என்று அவர் ஆண்டு குறித்த நீர்வண்ணப் படம் ஒன்று நெடுங்காலம் பாடநூல்களில் முதலிடம் பெற்றிருந்தது. அந்தப் படம் 1913 வாக்கில்தான் வரையப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஹில்மாவோ "ஆதிக் குழப்பம்" என்ற வரிசையின் 26 சிறிய படங்களை 1906 நவம்பரில் தொடங்கி 1907இல் முடித்துவிட்டார். ஆக, காண்டின்ஸ்கியின் சொந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டாலும் ஹில்மாவே முந்தியவர்.

ஆனால் முதல்வர் என்ற பட்டத்தை இவருக்குச் சூட்டினால் அதை உடனே கழற்றி இன்னொருவருக்குச் சூட்ட வேண்டியிருக்கும். இலண்டனில் ஜார்ஜியானா ஹௌட்டன் என்ற பெண்மணி 1871இல், ஓல்டு பாண்ட் தெருவில் ஒரு கூடத்தைத் தம் சொந்தச் செலவில் வாடகைக்கு எடுத்து 155 படங்களைக் காட்சிக்கு வைத்தார். சுருண்டும் பின்னியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படர்ந்தும் செல்லும் கோடுகளே அவற்றுள் பெரும்பாலானவற்றை நிறைத்திருந்தன. அவற்றை வாங்கக் கிட்டத்தட்ட யாருமே வரவில்லை, கையிருப்புப் பணம் கரைந்தது. அவரும் ஆவிகள் தம் கையைச் செலுத்துவதாக நம்பியவர்தான். ஆகவே, யார் முதலில் என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் நம்மிடம் ஓர் ஆண்டுப் பட்டியல் மட்டுமே மிஞ்சும், படங்களைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

6 அக்டோபர் 2025

இவர் யார், ஓவியம் பயின்றவர்தானா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

1862 அக்டோபர் 26 அன்று ஸ்டாக்ஹோமை ஒட்டிய கார்ல்பெர்க் அரண்மனையில் பிறந்தார். அரண்மனை என்றதும் அரச குடும்பம் என்று எண்ண வேண்டாம். அங்கே இராணுவப் பயிற்சிக் கல்லூரி நடந்துகொண்டிருந்தது, தந்தை கடற்படை அதிகாரி. கடல் வரைபடங்களும் கணக்கும் புழங்கிய குடும்பம் அது. கோடைக்காலங்களை மேலாரன் ஏரியிலுள்ள ஆதெல்சோ தீவில் கழித்தார்கள். 1880இல் தங்கை ஹெர்மினா பத்து வயதில் இறந்தாள். ஹில்மா அதற்கு முன்பே ஆவியுலகத் தொடர்பு அமர்வுகளுக்குச் செல்லத் தொடங்கியிருந்தார் என்பதால், துயரம்தான் அவரை அந்தப் பக்கம் தள்ளியது என்ற எளிய விளக்கம் ஆண்டுக் கணக்கோடு பொருந்தவில்லை.

1882 முதல் 1887 வரை ஸ்டாக்ஹோம் அரசு ஓவியக் கழகத்தில் பயின்றார். அந்தக் கழகம் 1864 முதலே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பாரீஸின் புகழ்பெற்ற அரசு ஓவியப் பள்ளி 1897 வரை பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை என்பதை நினைவிற்கொண்டால் அதன் அருமை விளங்கும். படிப்பு முடிந்ததும் ஹாம்காட்டன் தெருவில் கழகத்துக்குச் சொந்தமான கட்டடத்தில் வேறு பெண் ஓவியர்களோடு பகிர்ந்துகொள்ளும் பணியறை கிடைத்தது. அதே கட்டடத்தின் கீழ்ப் பகுதியில் இருந்த ஓவியக் கூடத்தில்தான் 1894இல் நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க்கின் படங்கள் காட்சிக்கு வந்தன. நிலக்காட்சி, உருவப்படம், தாவரப் படம் என்று வரைந்து விற்றே அவர் வாழ்ந்தார். 1900ஆம் ஆண்டு வாக்கில் கால்நடை மருத்துவ நிறுவனத்தில் படம் வரையும் வேலையும் செய்தார். ஏட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்த பித்துப் பிடித்த பெண்மணி என்று எழுதுபவர்கள் இந்தப் பத்தியை இருமுறை படிக்க வேண்டும்.

9 அக்டோபர் 2025

இன்று அவருடைய பெரிய படங்களைப் பற்றி எழுதுகிறேன். நான் ஒரு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் நெடுங்காலம் படம் வரையும் பணியில் இருந்தவள். ஓவிய விமர்சகர் அல்லள். 2023இல் மகன் குடும்பத்தோடு இலண்டனில் தங்கியிருந்தபோது டேட் மாடர்ன் கூடத்தில் ஹில்மாவையும் டச்சு அரூப ஓவியர் மோந்திரியானையும் அருகருகே வைத்து நடத்திய காட்சியைப் பார்த்தேன். கடைசி அறையில் "பத்துப் பெரியவை" இருந்தன.

இந்தப் பத்தும் 1907ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், ஒன்றுக்கு ஏறத்தாழ நான்கு நாள் என்ற வேகத்தில் வரையப்பட்டவை. ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கும் மேல் உயரம், ஏறத்தாழ 2.4 மீட்டர் அகலம். காகிதத்தில் டெம்பரா வண்ணத்தால் வரைந்து, பின்னர் கித்தானில் ஒட்டியிருக்கிறார்கள். முதல் இரண்டும் குழந்தைப் பருவம், அடுத்த இரண்டு இளமை, ஐந்து முதல் எட்டு வரை நடுவயது, கடைசி இரண்டும் முதுமை. பின்னணி நிறமும் பருவத்தோடு மாறுகிறது: ஆழ்ந்த நீலம், செம்மஞ்சள், இளம் ஊதா, இறுதியில் வெளுத்த இளஞ்சிவப்பு. பூவா, நத்தை ஓடா, விதையா என்று சொல்ல முடியாத வடிவங்களும், சுருள்களும், ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களும், நடுநடுவே கையெழுத்தில் ஓடும் எழுத்துகளும் அந்தப் பரப்பில் மிதக்கின்றன.

நிழற்படத்தில் பார்க்கும்போது இவை விளிம்பு கூர்மையான அலங்கார ஓவியம்போலத் தோன்றும். நேரில் அப்படி இல்லை. டெம்பரா நொடியில் உலர்ந்துவிடும் வண்ணம். எண்ணெய் வண்ணத்தைப்போல அதை நிதானமாகக் குழைத்து நிறம் மாற்ற முடியாது, விரைந்து இழுத்த தூரிகையின் தடம் அப்படியே நின்றுவிடும். அந்தத் தடங்கள் எல்லாப் பக்கமும் தெரிகின்றன. சில இடங்களில் வண்ணம் வழிந்திருக்கிறது, சில இடங்களில் வட்டம் வட்டமாக இல்லை, சில இடங்களில் முதலில் இட்ட பென்சில் கோட்டை வண்ணம் பொருட்படுத்தவே இல்லை. இவ்வளவு பெரிய தாளைச் சுவரில் சாய்த்து இப்படி வரைவது கடினம். தரையில் விரித்துத்தான் வரைந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வதை வண்ணத்தின் போக்கைக் கண்டபின் என்னால் எளிதாக நம்ப முடிந்தது.

இளமைக்குரிய செம்மஞ்சள் படத்தின் முன் அதிகக் கூட்டம் நின்றது. எனக்கோ முதுமைப் படங்களை விட்டு நகர மனம் வரவில்லை. முந்தைய எட்டிலும் இருந்த நெரிசல் அவற்றில் இல்லை. வடிவங்கள் குறைந்து, இடமும் வலமும் ஒத்துப்போகும் சமச்சீர் வந்துவிடுகிறது. சதுரங்கப் பலகைபோன்ற கட்டங்கள் நடுவே வந்து அமர்கின்றன. முதுமையைத் தேய்வாகக் காட்டாமல் ஒழுங்காகக் காட்டிய ஓவியரை நான் அதிகம் கண்டதில்லை. வரைந்தபோது அவருக்கு வயது 45 என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

9 அக்டோபர் 2025, இரவு

"வரவேற்பறையில் மாட்ட இதன் நகல் கிடைக்குமா" என்று கேட்டவருக்கு: கிடைக்கும். உண்மை அளவில் வேண்டுமென்றால் முதலில் மேல்மாடித் தளத்தை உடைக்க வேண்டியிருக்கும்.

13 அக்டோபர் 2025

"ஆவி சொன்னதை வரைந்தவர் எப்படி ஓவியர் ஆவார்? அவர் வெறும் கருவிதானே?" என்று ஒருவர் சற்றுக் கடுமையாகவே கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது. இதை ஒதுக்கிவிட்டு அவரைத் தூய வடிவங்களின் ஓவியராக மட்டும் காட்டும் எழுத்துகள்தாம் எனக்கு நேர்மையற்றவையாகப் படுகின்றன.

1896இல் ஹில்மாவும் வேறு நான்கு பெண்களும் சேர்ந்து "ஐவர்" என்ற குழுவை அமைத்தனர்: அன்னா காஸெல், கொர்னேலியா செடர்பெர்க், சிக்ரிட் ஹெட்மன், மத்தில்டா நில்சன். வெள்ளிக்கிழமைகளில் கூடி, வழிபாட்டுக்கும் தியானத்துக்கும் பிறகு மேலுலக வழிகாட்டிகள் என்று அவர்கள் நம்பியவர்களிடமிருந்து செய்திகளைப் பெற்று ஏடுகளில் எழுதினார்கள், பென்சிலால் தானாக ஓடும் கோடுகளை வரைந்தார்கள். வழிகாட்டிகளுக்குப் பெயர்களும் இருந்தன: அமலியேல், ஆனந்தா, கிரிகோர், ஜார்ஜ். 1906இன் தொடக்கத்தில் அமலியேல் ஒரு கோயிலுக்குரிய ஓவியங்களை வரையும் பணியை அளிக்க, மற்றவர்கள் தயங்கியபோது ஹில்மா ஏற்றுக்கொண்டார். 1906 நவம்பர் முதல் 1908 ஏப்ரல் வரை 111 படங்கள். பின்னர் 1912 முதல் 1915 வரை 82 படங்கள். மொத்தம் 193. இவையே "கோயிலுக்கான ஓவியங்கள்".

முதற்கட்டப் படங்கள் முன்வரைவு ஏதுமின்றித் தம் வழியாக நேரே வரையப்பட்டன என்று அவர் எழுதியிருக்கிறார். அதை அப்படியே ஏற்பவர்களும் உண்டு, சிரித்து ஒதுக்குபவர்களும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு அவர் செய்தது. தமக்கே விளங்காத படங்களை விளங்கிக்கொள்வதற்காக எஞ்சிய வாழ்நாள் முழுவதும் ஏடு எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட குறிப்பேடுகளில் 26,000 பக்கங்களுக்கு மேல் எஞ்சியிருக்கின்றன. நீலம் பெண்மை, மஞ்சள் ஆண்மை, இரண்டும் கலந்த பச்சை அவற்றின் ஒன்றிப்பு. ஒரு குறிப்பிட்ட எழுத்து ஆவிக்கு, இன்னொன்று பருப்பொருளுக்கு என்று சொற்களஞ்சியமே தொகுத்தார். வெறும் கருவியாக இருந்தவர் இப்படித் தம் படங்களைத் தாமே விசாரித்திருக்க மாட்டார்.

இரண்டாம் கட்டப் படங்களில் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரிகிறது. 1914, 1915இல் வரைந்த "அன்னம்" வரிசையில் 24 படங்கள். முதல் படத்தில் கிடைக்கோடு ஒன்று பரப்பை இரண்டாகப் பிரிக்க, மேலே வெள்ளை அன்னமும் கீழே கறுப்பு அன்னமும் அலகோடு அலகு தொட்டுக்கொண்டிருக்கின்றன. அடுத்தடுத்த படங்களில் அன்னங்கள் சிதைந்து, வட்டமாகவும் கனசதுரமாகவும் மாறி, ஓரிடத்தில் சிவப்புப் பரப்பில் பிளவுபட்ட ஒற்றை வட்டமாகச் சுருங்கிவிடுகின்றன. கடைசியில் மறுபடியும் அன்னங்கள், இம்முறை ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து. உருவத்திலிருந்து அரூபத்துக்குப் போவதை மற்ற ஓவியர்கள் ஒருவழிப் பயணமாகவே செய்தார்கள். இவர் போய்த் திரும்பி வருகிறார். அரூபம் அவருக்குப் போய்ச் சேர வேண்டிய இடமாக இருக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

14 அக்டோபர் 2025

சென்னையோடு இவருக்குத் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு: அவர் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். ஆனால் 1904இல் அவர் சேர்ந்த பிரம்ம ஞான சபை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு. 1907 முதல் அதன் தலைவராக இருந்த அன்னி பெசன்ட், அதே சபையைச் சேர்ந்த லெட்பீட்டரோடு சேர்ந்து, எண்ணங்களும் உணர்ச்சிகளும் ஞானப் பார்வைக்கு எந்த நிறத்தில், எந்த வடிவில் தெரியும் என்பதை வண்ணப் படங்களோடு விளக்கும் நூலொன்றை அந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வெளியிட்டிருந்தார். கோபத்துக்குச் சிவந்த கூர்முனைகள், பக்திக்கு நீலக் கூம்பு என்று அதில் உருவம் இல்லாத படங்கள் வரிசையாக வருகின்றன. காண்டின்ஸ்கி அதைப் படித்தவர். மோந்திரியான் 1909இல் அதே சபையின் டச்சுக் கிளையில் உறுப்பினரானவர். தனித்தனியே அரூபத்தைக் கண்டுபிடித்த மேதைகள் என்று சொல்லப்படும் மூவரும் ஒரே வட்டத்தின் நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள்.

ஊர்ப் பெருமைக்காக இதை எழுதவில்லை. எக்ஸ் கதிர் 1895இல் கண்டறியப்பட்டது, எலக்ட்ரான் 1897இல். கண்ணுக்குத் தெரியாதது மெய்யாகவே இருக்கிறது என்று ஆய்வுக்கூடங்கள் அறிவித்துக்கொண்டிருந்த காலத்தில், கண்ணுக்குத் தெரியாததை வரைய முயல்வது இன்று தோன்றும் அளவுக்கு விந்தையாக இருந்திருக்காது. ஹில்மாவே 1917இல் "அணு" என்ற தலைப்பில் ஒரு வரிசை வரைந்தார்.

20 அக்டோபர் 2025

13ஆம் தேதி எழுதியதன் மேல் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆவிகளைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், அவர் தொழிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தாவரப் படம் வரைபவர்கள் ஒரு செடியைப் பார்த்து வரைவதில்லை. மேசைமேல் இருக்கும் செடியின் இலையைப் பூச்சி அரித்திருக்கும், ஒரு கிளை முறிந்திருக்கும். அவை படத்தில் வரக்கூடாது. பத்து மாதிரிகளை ஒப்பிட்டு, இந்த இனத்துக்குப் பொதுவானது எது என்று தேர்ந்து, அதை மட்டும் வரைய வேண்டும். ஒரே தாளில் மொட்டும் பூவும் காயும் முதிர்ந்த விதையும் இருக்கும். இயற்கையில் இவை ஒரே நாளில் ஒரே கிளையில் இருப்பதில்லை. பக்கத்தில் சூலகத்தின் குறுக்குவெட்டு, அதாவது மூன்று அறைகளோ ஐந்து அறைகளோ கொண்ட ஒரு வட்டம், தனியாக மிதக்கும். பின்னணி கிடையாது, நிழல் விழாது, மேல் கீழ் என்ற திசைகூடப் பெயரளவுக்குத்தான். நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கொடியை அது படர்ந்திருந்த வேலியோடு சேர்த்து மிக அழகாக வரைந்து கொண்டுபோனேன். துறைத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு "இது ஓவியம், எனக்குத் தாவரம் வேண்டும்" என்றார்.

இதே பயிற்சியைப் பெற்ற கை "பத்துப் பெரியவை"யை வரைந்திருக்கிறது என்று வைத்துப் பாருங்கள். ஒரே பரப்பில் பல பருவங்கள், மிதக்கும் குறுக்குவெட்டுகள், பின்னணியற்ற வெளி, ஓரத்தில் எழுத்துக் குறிப்புகள், தனி ஒருவரின் முதுமை இல்லாமல் முதுமை என்ற பொதுமை. ஓவியக் கழகத்தின் நிலக்காட்சி வகுப்பிலிருந்து இந்தப் படங்களுக்குத் தாவ வேண்டுமென்றால் ஆவியின் உதவி தேவைப்படலாம். தாவரப் படத்தாளிலிருந்து வந்தால் அவ்வளவு தூரம் இல்லை.

இதற்கு அவரே சான்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1919, 1920ஆம் ஆண்டுகளில் வரைந்த 46 தாவரத் தாள்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இந்த ஆண்டு செப்டம்பர் வரை காட்சியில் இருந்தன. ஸ்வீடனின் வயல் ஓரத்திலும் காட்டிலும் பூப்பவற்றை மகரந்தம் பிசகாமல் வரைந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிறிய கட்டமோ வட்டமோ சுருளோ கொண்ட வரைபடம் ஒன்றைப் போட்டு, அந்தப் பூ எந்த மனநிலைக்கு, எந்தக் குணத்துக்கு உரியது என்று எழுதியிருக்கிறார். பூவும் அரூபமும் ஒரே தாளில், ஒரே பென்சிலில். வரைபடத்தின் பொருளை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்; பூவை அப்படி வரைய எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

21 அக்டோபர் 2025

நவீன ஓவியம் படித்த ஒருவர், "தாவரப் படத்தில் நிறம் நிஜத்தை ஒட்டியிருக்கும், இவரிடம் அப்படி இல்லையே" என்று மறுத்திருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். வடிவத்தைத்தான் நான் சொன்னேன். நிறத்துக்கு நேற்று எழுதியது விடையாகாது. அந்த இளம் ஊதாவும் செம்மஞ்சளும் எந்தப் பணியறைப் பழக்கத்திலிருந்தும் வரவில்லை.

27 அக்டோபர் 2025

இப்போது "மறைத்தார்கள்" என்ற கூற்றுக்கு வருவோம். வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: 1908இல் ஆன்மிகச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர் பணியறைக்கு வந்து படங்களைப் பார்த்தார், ஐம்பது ஆண்டுகளுக்கு இவற்றை யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்றார், மனமுடைந்த ஹில்மா நான்கு ஆண்டுகள் தூரிகையைத் தொடவில்லை. திரைப்படத்துக்கு ஏற்ற காட்சிதான். ஆனால் அந்தச் சந்திப்பு இப்படி நடந்ததா என்பதை அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜூலியா ஃபாஸ் போன்றவர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். அந்த ஆண்டுகளில் ஹில்மாவின் தாய்க்குப் பார்வை போய்விட்டது, கவனித்துக்கொண்டவர் ஹில்மா. தாய்க்குக் கண் தெரியாமல் போனதால் மகளின் வேலை நின்றுபோவது எந்த ஊரிலும் நடப்பதுதான். அதற்கு ஒரு மேதையின் தீர்ப்பு தேவையில்லை. ஏனோ விமர்சகர்களுக்கு ஸ்டைனர் பிடிக்கிறார், பார்வையிழந்த தாய் பிடிக்கவில்லை.

யாருக்கும் காட்டவில்லை என்பதும் அப்படித்தான். கோயில் ஓவியங்கள் ஒவ்வொன்றையும் கறுப்பு வெள்ளை நிழற்படமாக எடுத்து, எதிர்ப்பக்கத்தில் அதன் சிற்றுருவை நீர்வண்ணத்தில் தாமே வரைந்து, பத்து நீல ஏடுகளாகத் தொகுத்தார். எடுத்துச் சென்று காட்டுவதற்கல்லாமல் வேறு எதற்கு ஒருவர் அப்படிச் செய்வார்? தாய் 1920இல் இறந்த பிறகு ஸ்விட்சர்லாந்தின் டொர்னாக்கில் இருந்த ஸ்டைனரின் மையத்துக்குப் பலமுறை சென்றார். 1928இல் இலண்டனில் நடந்த ஆன்மிக அறிவியல் மாநாட்டுக்குப் படங்களைக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார். அவர் காட்டினார், பார்த்தவர்கள் அசையவில்லை. ஒளித்துவைத்தவர் என்பதைவிட வரவேற்பு கிடைக்காதவர் என்பதே உண்மைக்கு நெருக்கமானது, அவ்வளவு சுவாரசியம் இல்லையென்றாலும்.

அதன் பிறகுதான் 1932இல், இறந்து இருபது ஆண்டுகள் ஆகும் வரை திறக்கக்கூடாதவை என்று ஒரு பகுதிக்குக் குறியிட்டு வைத்தார். 1944 அக்டோபர் 21 அன்று, டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்த காயத்தால், 82 வயது நிறைவதற்குச் சில நாள் இருக்கையில் இறந்தார். மோந்திரியான் அந்த ஆண்டு பிப்ரவரியில் இறந்திருந்தார். காண்டின்ஸ்கி டிசம்பரில் இறந்தார்.

28 அக்டோபர் 2025

நேற்றையதன் தொடர்ச்சி. 1,200க்கு மேற்பட்ட ஓவியங்களும் குறிப்பேடுகளும் ஹில்மாவின் சகோதரர் மகனும் கடற்படை அதிகாரியுமான எரிக்கிடம் வந்து, பெட்டிகளில் அடைந்து பரணில் கிடந்தன. அறுபதுகளின் இறுதியில் பிரித்துப் பார்த்தார்கள். 1970இல் ஸ்டாக்ஹோமின் நவீனக் கலை அருங்காட்சியகமான மாடர்னா மியூசீட்டுக்கு இலவசமாகத் தர முன்வந்தபோது, அன்றைய இயக்குநர் பொண்டுஸ் ஹுல்தேன் வேண்டாம் என்றார். 1972இல் குடும்பம் அறக்கட்டளை அமைத்தது. 1984இல் ஓக்கே ஃபாண்ட் என்ற கலை வரலாற்றாளர் ஹெல்சிங்கியில் ஒரு மாநாட்டில் இவரைப் பற்றிப் பேசினார். 1986இல் லாஸ் ஏஞ்சலஸில் அரூப ஓவியத்தின் ஆன்மிக வேர்களைப் பற்றிய பெருங்காட்சியில் படங்கள் முதன்முறையாக உலகின் கண்ணில் பட்டன.

ஆண்கள் மறைத்தார்கள் என்ற கூற்றில் எஞ்சும் உண்மை இங்கேதான் இருக்கிறது, அதுவும் 1986க்குப் பிறகு. அதற்கு முன் தெரியாது என்று சொல்லலாம். 2012இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அரூபத்தின் தோற்றத்தைப் பற்றி நடத்திய காட்சியில் அவருக்கு இடமே இல்லை. அப்போது தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டே, முன்பு மறுத்த அதே ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகம் அவரை அரூபத்தின் முன்னோடி என்று பெருங்காட்சி நடத்தியது. 2018 அக்டோபரில் நியூயார்க் கூகன்ஹைமில் தொடங்கிய காட்சியை 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அந்த அருங்காட்சியகத்தின் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத கூட்டம். தம் ஓவியங்களை வைக்கச் சுருள் வடிவக் கோயில் ஒன்றை ஹில்மா 1930களின் தொடக்கத்தில் ஏட்டில் வரைந்து பார்த்திருந்தார். கூகன்ஹைம் கட்டடமும் சுருள்தான். அதைக் கட்டச் சொன்ன ஹில்லா ரீபே என்ற பெண் ஓவியரும் கட்டடக் கலைஞரிடம் ஆன்மாவின் கோயில் ஒன்றைத்தான் கேட்டிருந்தார். ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

3 நவம்பர் 2025

"தனியொரு பெண்ணாகப் போராடி" என்று மேலே ஒருவர் உணர்ச்சியோடு எழுதியிருப்பதால் இது. தனியொரு பெண் அல்லர்.

அன்னா காஸெல் ஓவியக் கழகத்தில் உடன் படித்தவர், கால்நடை நிறுவனத்தில் உடன் வரைந்தவர், ஐவரில் ஒருவர், வசதி படைத்தவர் என்பதால் பணமும் கொடுத்தவர். மன்சோ தீவில் ஹில்மாவுக்குப் பணியறை அமைந்ததில் தோழிகளின் பங்கு பெரியது. அண்மை ஆண்டுகளில் காஸெலின் குறிப்பேடுகள் வெளிவந்தபின், "ஆதிக் குழப்பம்" வரிசையில் சில படங்கள் காஸெலின் கையால் வந்தவை என்று ஆய்வாளர்கள் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ஐவரின் பென்சில் கோடுகளில் பெரும்பகுதி செடர்பெர்க் இழுத்தவை. மூன்று மீட்டர் தாளை நான்கு நாளில் முடிக்க உதவிக்கு ஆள் இருந்திருக்கிறார்கள். தாயைப் பார்த்துக்கொள்ள வந்த செவிலியர் தோமசின் ஆண்டர்சன் ஹில்மாவோடு தங்கிவிட்டார்.

இது ஹில்மாவைச் சிறுமைப்படுத்தும் செய்தியாகச் சிலருக்குப் படுகிறது. முதற்படங்களின் முதன்மை போய்விடுமே என்ற கவலை அது. ஆனால் முதல்வர், ஒரே மேதை, ஒற்றைக் கையொப்பம் என்பவையெல்லாம் காண்டின்ஸ்கியின் கடிதத்துக்குரிய கவலைகள். கோயில் ஓவியங்களில் ஹில்மா பெரும்பாலும் கையொப்பமே இடவில்லை. ஆண் மேதைக்குப் பதிலாகப் பெண் மேதை என்று நாற்காலியை மட்டும் மாற்றிப் போட்டால், கூடி உட்கார்ந்து பணி செய்த அந்தப் பெண்களை இரண்டாம் முறையும் அறையிலிருந்து வெளியேற்றியதாகிவிடும்.

4 நவம்பர் 2025

மோந்திரியானைப் பிடிக்குமா என்று கேட்டவருக்கு: ஆம், பிடிக்கும். அவருடைய செவ்வந்திப் பூ வரைபடங்களைத் தேடிப் பாருங்கள். அது வேறு இழை.

11 நவம்பர் 2025

ஹில்மாவின் படங்களை வைத்திருக்கும் குடும்ப அறக்கட்டளையின் சிக்கல் பற்றிக் கேட்கிறார்கள். கோயிலுக்கான 193 ஓவியங்களை விற்கக்கூடாது என்பது விதி. இந்த ஆண்டு தொடக்கத்தில், குடும்பத்தைச் சேர்ந்த தலைவர், இப்படங்கள் அருங்காட்சியகக் கூட்டத்துக்குரியவை அல்ல, ஆன்மிகத் தேடல் உள்ளவர்களுக்கே காட்டப்பட வேண்டும் என்று கருதுவதாகவும், நிர்வாகக் குழுவில் மற்றவர்களோடு முரண்படுவதாகவும் செய்தித்தாள்கள் எழுதின.

அவர் வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஹில்மா இவற்றைக் கோயிலுக்காகத்தான் வரைந்தார். குவளையிலும் கைப்பையிலும் அச்சிடுவதற்காக அல்ல. ஆனால் இலண்டன் மாநாட்டுக்குப் படங்களைச் சுமந்து போனவரும், பத்து ஏடுகளுக்குச் சிற்றுரு வரைந்து வைத்தவரும் அவரே. தேடல் உள்ளவர் யார், கூட்டம் யார் என்று வாசலில் நின்று பிரிக்கும் பொறுப்பை எந்த நிர்வாகக் குழுவிடமும் ஒப்படைக்க எனக்குத் துணிவில்லை. நான் எந்த நம்பிக்கையும் இல்லாமல்தான் அந்த அறைக்குள் போனேன். இன்றும் அமலியேலை நம்பவில்லை. அந்த விதிப்படி என்னை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

12 நவம்பர் 2025

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டவருக்கு: படைப்புகளின் முழுத் தொகுப்பு ஏழு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்திருக்கிறது. விலை அதிகம், பெரிய ஓவியக் கல்லூரி நூலகங்களில் கேட்டுப் பார்க்கலாம். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நீல ஏடுகள் அடங்கிய மூன்றாம் தொகுதியைக் கேளுங்கள். தாவரப் படங்களில் ஆர்வம் இருந்தால் ஏழாவது. "பார்சிஃபல்" வரிசையின் 144 நீர்வண்ணங்கள் நான்காவதில் இருக்கின்றன. அவற்றை அவசரமாகப் புரட்டினால் சதுரமும் வட்டமும் திரும்பத் திரும்ப வருவதுபோலத் தோன்றி அலுப்பு தட்டும். ஒரு நாளைக்குச் சில தாள்கள் போதும்.